குண்டு விழுந்த தூரம்

பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்குப் பதில் தெரியாத கேள்வியைப் பற்றி அவ்வளவு பயமில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு இரவு புஸ்தகத்தைப் புரட்டிக் கொள்ளலாம். பயப்பட வேண்டியது, பதில் தெரிந்திருந்தும் சொல்ல வாய் வராத கேள்வியைப் பற்றித்தான். அப்படிப்பட்ட கேள்வி ஒன்று சென்ற வருஷம் கடலூரில் என் வகுப்பறையில் எழுந்தது.

ஒன்பதாம் வகுப்பில் நான் ஸயன்ஸ் நடத்திக் கொண்டிருந்தேன். எறியப்பட்ட பொருளின் வேகத்தைப் பற்றிய பாடம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "ஸார், எந்தத் தோட்டாவைப் போட்டால் குண்டு அதிக தூரம் போகும்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவள் என்.ஸி.ஸி.யில் இருப்பவள். அடுத்த மாதம் துப்பாக்கி முகாமுக்குப் போகிறாள். பெரிய குண்டுதான் தூரம் போகும் என்று ஒரு கட்சியும், மருந்து அதிகம் போட்டால்தான் போகும் என்று மற்றொரு கட்சியுமாகத் தோழிகளுக்குள் விவாதம் நடந்திருக்கிறது. தீர்ப்பு என்னிடம் வந்தது.

"நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். உபாத்தியாயர் அப்படிச் சொன்னால் "எனக்குத் தெரியாது" என்று அர்த்தம் என்பதை எல்லா மாணவர்களும் அறிவார்கள். அன்று எனக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் ஏன் ஒத்திப் போட்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணின் ஊர் குண்டு உப்பலவாடி. கடலூருக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்தப் பெயரையும், நகரத்திலுள்ள குண்டு சாலையின் பெயரையும் கேட்டு ஆச்சரியப்படுவதுண்டு. பெயருக்குக் காரணமாக எங்கள் பக்கத்தில் வழங்கும் வரலாறு, அவளுடைய கேள்விக்கு மிகவும் நெருங்கிய வரலாறு.

1690-ம் வருஷம். சென்னையில் கும்பெனியாரின் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவில் ஒரு பெரிய சர்வகலாசாலைக்குத் தம் பெயரைக் கொடுத்தவர் இவர்தான். செஞ்சியில் அப்போது சிவாஜியின் குமாரர் ராஜாராம் இருந்தார். தேவனாம்பட்டினத்திலிருந்த கோட்டையை மராட்டியரிடமிருந்து கும்பெனியார் விலைக்கு வாங்கினார்கள். அதுதான் புனித டேவிட் கோட்டை. கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்ந்தது. எவ்வளவு நிலம்? காணிக் கணக்கும் இல்லை, வேலிக் கணக்கும் இல்லை. கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ, அதுவரையில் உள்ளதெல்லாம் கும்பெனியைச் சேர்ந்தது என்பது ஒப்பந்தம்.

இந்த மாதிரி ஒப்பந்தம் கையில் கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? நெடுந்தூரம் எறியக்கூடிய பித்தளைப் பீரங்கி ஒன்றைப் பொறுக்கியெடுத்துச் சென்னையிலிருந்து அனுப்பினார்கள். மருந்தைக் கெட்டித்து லாபகரமாகச் சுடுவது பீரங்கிக்காரனின் சாமர்த்தியம் என்றும் அறிவித்தார்கள். செப்டம்பர் மாதத்தில் திசைக்கொன்றாகக் குண்டுகள் பறந்தன. அவை விழுந்த வட்டத்துக்குள் அகப்பட்ட ஊர்கள் எல்லாம் கும்பெனியின் ஊர்களாயின. கடலூர்ப் பட்டணமும் அதற்குள் அடங்கியது. வெள்ளைக்காரர்களின் ஏடுகளில் அவை "பீரங்கிக் குண்டு கிராமங்கள்" என்று பெயர் பெற்றன.

ஆகவே, நெடுந்தூரம் சுடுவதற்கு எந்தக் குழல், எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு என்ற ஆராய்ச்சி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. அந்த ஆராய்ச்சியின் விளைவாகவே என் மாணவியின் ஊர் கைமாறியது. அன்று வயலில் நின்ற அவளுடைய முன்னோர் யாராவது, "எந்தத் தோட்டா அதிக தூரம் போகும்?" என்று கேட்டிருந்தால், அந்தக் கேள்வியில் எவ்வளவு கவலை இருந்திருக்கும்!

இன்னோர் அதிசயம் கேளுங்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அன்று மாலை தேவனாம்பட்டினத்துக்குப் போனேன். கெடில நதி கடலோடு சேரும் இடத்துக்கு அருகில் கோட்டையின் சிதைவுகள் கிடக்கின்றன. 1758-ல் லாலியின் தலைமையில் வந்த பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளிய பிறகு மிஞ்சியவை அவை. கிளைவ் இங்கே கவர்னராயிருந்தார் என்பதைப் பலர் அறிவார்கள். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை முதன்முதலில் நம்பத்தகுந்த முறையில் அளந்த மனிதர் இந்தக் கோட்டையில்தான் உயிர் நீத்தார் என்பதை வெகு சிலரே அறிவார்கள்.

அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707-ல் பாத் நகரத்தில், யுத்தமே கூடாதென்னும் குவேக்கர் மதஸ்தர்களின் குடும்பத்தில் பிறந்தவர். கணித மேதை. 1742-ல் பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கனமான கட்டை ஒன்றை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டு, அதன்மேல் துப்பாக்கியால் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் பின்னால் ஆடுகிறது என்பதை ஒரு நாடாவைக் கொண்டு அளந்தார். அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். உபாயம் எவ்வளவு எளிது பாருங்கள்! ஆயினும் அதிலிருந்து வெளிவந்த உண்மை உலகத்தைத் திகைக்க வைத்தது.

விநாடிக்கு 1,700 அடி வேகத்தில் புறப்படும் உருண்டைக் குண்டு, காற்றே இல்லாத வெளியில் 45 பாகைச் சாய்வில் சுடப்பட்டால் 17 மைல் போக வேண்டும். உண்மையில் அது அரை மைல்கூடப் போவதில்லை என்று ராபின்ஸ் கண்டார். மீதித் தூரத்தையெல்லாம் விழுங்குவது எது? கண்ணுக்குத் தெரியாத காற்று! அதுவும் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு திடீரென்று பெருகுகிறது என்பதையும் அவர் கவனித்தார். ஆய்லர் என்ற மகா கணித நிபுணர் 1745-ல் அந்த நூலை ஜெர்மன் பாஷையில் விரிவுரையுடன் வெளியிட்டார். குழலின் உட்புறத்தில் திருகுவரி வெட்டிய துப்பாக்கியை எந்தத் தேசம் முதலில் நன்றாகப் பழகிக் கொள்கிறதோ, அந்தத் தேசத்தின் சேனை மற்றவற்றை மிஞ்சும் என்று ராபின்ஸ் 1747-லேயே எழுதினார். உருண்டையை விட்டு முட்டை வடிவக் குண்டுக்குப் போகலாம் என்றும் யோசனை சொன்னார். 1750-ல் கும்பெனியின் பிரதம இஞ்சினீயராக இங்கே வந்தார். மறு வருஷம் ஜூலை 29-ந் தேதி, கடலூரின் ஜுரம் அவரைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருவோம். ராபின்ஸ் சொன்னதிலிருந்தே இரண்டு கட்சிகளுக்கும் தீர்ப்பு கிடைத்துவிடுகிறது. மருந்தை மட்டும் கூட்டிப் பயனில்லை, ஏனெனில் வேகம் ஏற ஏறக் காற்றின் எதிர்ப்பும் அதைவிட அதிகமாக ஏறுகிறது. கனத்தை மட்டும் கூட்டியும் பயனில்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வடிவம் வேண்டும். ஒரே தடிப்புள்ள இரண்டு குண்டுகளில் நீண்டு, முன்புறம் கூராகவும் பின்புறம் ஓடத்தின் பின்பக்கம் போல் சற்று ஒடுங்கியும் இருப்பதே தன் வேகத்தைக் காப்பாற்றிக் கொள்ளும்.

இதற்கு நல்ல உதாரணம் நம் தேசத்துப் போலீஸ்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த .303 துப்பாக்கி. ஆதியில் அதன் குண்டு மொட்டை மூக்குடன் 215 கிரெய்ன் எடை இருந்தது. வீட்டுப் பெண்மணிகளுக்கு விளங்கும்படி சொன்னால் ஒன்றே முக்கால் பவுன். வேகம் விநாடிக்குச் சுமார் 2,050 அடி. 1910-ல் அதை மாற்றி, 174 கிரெய்ன், அதாவது ஒன்றரைப் பவுனுக்குச் சற்றுக் குறைந்த கூர்மூக்குக் குண்டைக் கொண்டுவந்தார்கள். வேகம் 2,440 அடியாயிற்று. குண்டு இளைத்தது, ஆனால் கூடுதலாகப் பாய்ந்தது. பிற்பாடு இயந்திரத் துப்பாக்கிக்கென்று பின்புறம் ஒடுங்கிய குண்டு வந்தபோது, அது அதைக் காட்டிலும் வெகு தூரம் எட்டியது.

நீண்ட குண்டுக்கு ஒரு தொல்லை உண்டு. பம்பரம் வேகமாகச் சுழன்றால்தான் நேராக நிற்கும். அது போலக் குண்டு நீள நீளக் குழலின் திருகுவரியும் நெருக்கமாக இருக்க வேண்டும். .303-க்குப் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. சிறிய .22-க்குப் பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். குழலுக்குப் பொருந்தாத குண்டைப் போட்டால் அது காற்றில் தள்ளாடிக் குறியைத் தவறவிடும்.

ஆயிரம் கஜத்தில் பந்தயம் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தூரத்தில் குண்டு முப்பதடிக்கு மேல் தாழ்ந்துவிடுகிறது. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் பக்கக் காற்று வீசினால் ஏறக்குறைய ஏழடி ஒதுங்கிவிடுகிறது. தாழ்வைக் கணக்குப் போட்டுச் சரிசெய்யலாம். காற்றோ நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ஆகவே காற்றுக்கு அசையாத குண்டையே அவர்கள் தேடுகிறார்கள். 1952-ல் வந்த .308 தோட்டா வெகுகாலம் இந்தத் துறையில் கோலோச்சியது. 2007-ல் வந்த 6.5 கிரீட்மூர் அதைவிட மெல்லிய, ஆனால் தடிப்புக்கு நீளமான குண்டைக் கொண்டது. அது காற்றில் குறைவாக ஒதுங்குகிறது, தோளையும் குறைவாக இடிக்கிறது. இலக்கை அடையும் வரையில் குண்டு ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்காமல் இருப்பதும் முக்கியம். அந்த எல்லையைக் கடக்கும்போது அதற்கு ஒரு தடுமாற்றம் உண்டாகிறது. என்.ஸி.ஸி. பிள்ளைகள் சுடும் .22-லோ காரியம் தலைகீழ். பந்தயத் தோட்டாக்களை ஆரம்பத்திலிருந்தே ஒலியின் வேகத்துக்குக் கீழேயே போகும்படி தயாரிக்கிறார்கள். தடுமாற்றமே நேராது அல்லவா?

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விஷயம். கெட்டிக்காரச் சுடுவீரர்கள் தோட்டாவின் விளம்பரத்தைப் பார்த்து வாங்குவதில்லை. ஒரே கம்பெனியின் ஒரே சரக்கில்கூட, வெவ்வேறு நாளில் தயாரான பெட்டிகளைத் தங்கள் துப்பாக்கியிலேயே சுட்டுப் பார்த்து, எந்தப் பெட்டியின் குண்டுகள் ஒரே துளையில் நெருங்கி விழுகின்றனவோ அதையே எடுத்துக் கொள்கிறார்கள். 1999-ல் கடலூரில் பிறந்து, குஜராத்தில் வளர்ந்து, டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் பந்தயங்களில் நம் தேசத்துக்காகச் சுட்ட இளவேனில் வாலறிவனின் துறையில் தூரம் பத்தே மீட்டர்தான். பத்து மீட்டருக்கே இந்தப் பொறுக்கல் உண்டென்றால், ஆயிரம் கஜத்துக்குக் கேட்க வேண்டுமா?

இவ்வளவும் எனக்குத் தெரியும். பின் ஏன் "நாளைக்கு" என்றேன்?

சுமார் இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் நான் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்தேன். என்.ஸி.ஸி.யில் சேர்ந்திருந்தேன். ஒரு முகாமில் எங்களைச் சுடுதளத்துக்கு அழைத்துப் போனார்கள். ஆளுக்கு ஐந்து .22 தோட்டாக்கள். ஒவ்வொரு குண்டும் நாற்பது கிரெய்ன், ஒரு பவுனில் மூன்றில் ஒரு பங்கு. குறிப்பலகைக்குப் பின்னால் உயரமான மண்மேடு. அதற்கும் அப்பால் வெகு தூரத்தில் சில பனைமரங்கள்.

நான்கு தோட்டாக்களை ஒழுங்காகச் சுட்டேன். ஐந்தாவதில் எனக்குள் ஒரு சைத்தான் புகுந்தது. இந்தக் குண்டு அந்தப் பனைமரம் வரையில் போகுமா? குழலைச் சற்றே தூக்கினேன். குண்டு மண்மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை. ஆனால் மேட்டில் மண் தெறிக்காததை ஹவில்தார் கவனித்துவிட்டார்.

"யார் அது?" என்று கேட்டார். வரிசையில் பத்துப் பேர் படுத்திருந்தோம். ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. துப்பாக்கிகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பத்துப் பேரும் மைதானத்தைச் சுற்றி ஓடினோம். என் அறை நண்பன் கால் இடறி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக் கொண்டான்.

ஓட்டம் முடிந்து நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, மேட்டின் பக்கத்திலிருந்து ஒரு கிழவி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். எல்லையில் சிவப்புக் கொடி நட்டுத்தான் இருந்தது. ஆடுகளுக்குக் கொடியின் அர்த்தம் தெரியவில்லை, அவற்றைத் தேடிப் போனவளுக்கு அதைப் பார்க்க அவகாசமில்லை. ஹவில்தாரைப் பார்த்து அவள் கேட்டாள்: "சுடறது முடிஞ்சிடுச்சாப்பா? ஆடு தண்ணிக்குப் போவணும். இப்பதான் காதோரமா என்னமோ வண்டு மாரி விர்ருனு போச்சு."

அவள் புகார் சொல்லவில்லை. வண்டு என்றே நினைத்திருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறு வருஷம் பௌதிக வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சின்னஞ்சிறு குண்டு, உயரத் தூக்கிச் சுட்டால், ஒரு மைலுக்கு மேல் போகக் கூடியது. மண்மேட்டைத் தாண்டிய பிறகு அது யாருடைய ஊரில் விழும் என்பது சுட்டவனுக்குத் தெரியாது.

அண்ணாமலைநகரில் ராஜேந்திரன் என்ற மாணவரின் சிலை இருக்கிறது. 1965-ம் வருஷம் ஜனவரி 27-ந் தேதி, ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது சிதம்பரத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிரிழந்தவர். முகாமிலிருந்து திரும்பிய மறுநாள், நொண்டி நொண்டி நடந்த நண்பனோடு அந்தச் சிலையைக் கடந்து போனேன். அதற்கு முன் எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். அன்றுதான் ஒரு குண்டின் எதிர்ப்புறத்தில் நிற்பது யார் என்று முதன்முதலாக யோசித்தேன். நண்பனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவன் அந்த ஹவில்தாரைத் திட்ட ஆரம்பித்தான். நானும் சேர்ந்து திட்டினேன். வெட்கக்கேடு!

தேவனாம்பட்டினத்து இடிபாடுகளின் அருகே அன்று மாலை வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். 1690-ல் பீரங்கிக்கு நெருப்பு வைத்தவன் கெட்டிக்காரன். அவனுடைய குழலும் மருந்தும் குண்டும் உயர்ந்தவை. குண்டு விழும் இடத்தில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் அவனுக்கும் அவனை ஏவியவர்களுக்கும் தோன்றவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் என்னுடைய பனைமரம் நினைவுக்கு வந்ததும் அந்தக் கோபத்தை முழுசாக அனுபவிக்க முடியவில்லை.

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். ராபின்ஸின் ஊஞ்சல் கட்டையைக் கரும்பலகையில் வரைந்தேன். குண்டின் மூக்கையும் வாலையும் வரைந்தேன். பம்பரத்தைச் சொன்னேன். கடைசியில் ஐந்தாவது தோட்டாவையும் சொன்னேன். வகுப்பு நிசப்தமாயிருந்தது. அந்தப் பெண் மட்டும், "அந்தப் பாட்டியிடம் அப்புறம் சொன்னீர்களா, ஸார்?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

"உங்கள் சிநேகிதரிடம்?"

"இல்லை."

அவள் உட்கார்ந்துவிட்டாள். மணி அடித்தது. ஒரு மாணவியின் முன் இவ்வளவு சிறுத்துப் போனது எனக்கு அதுவே முதல் தடவை.

முகாம் முடிந்து அவள் திரும்பி வந்தபோது, "எப்படிச் சுட்டாய்?" என்று விசாரித்தேன். "பரிசு இல்லை, ஸார்" என்றாள். பந்தயத்தில் பக்கத்துப் பெண்ணின் காகிதத்தில் ஐந்துக்குப் பதில் ஆறு துளைகள் இருந்தனவாம். இவளுடையதில் நான்கு. துளைகள் எல்லாம் நடுவிலேயே நெருங்கி விழுந்திருந்தபடியால் எது யாருடையது என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இவளே கையைத் தூக்கி, "குறி மாறிச் சுட்டவள் நான்தான்" என்று ஒப்புக் கொண்டாளாம். ஒரு குண்டின் மதிப்பெண் போயிற்று, அதோடு பரிசும் போயிற்று.

"யாராவது உன்னைத்தான் என்று கண்டுபிடித்திருப்பார்களா?" என்று கேட்டேன்.

"தெரியாது, ஸார். ஆனால் எனக்குத் தெரியுமே" என்றாள்.

அன்றிரவு என் பழைய அறை நண்பனின் டெலிபோன் நம்பரைத் தேடி எடுத்தேன். வருஷத்துக்கு ஒரு முறை பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்வதோடு சரி. மார்கழியிலேயே கூப்பிட்டதால் திடுக்கிட்டு, "என்னடா, வீட்டில் எல்லோரும் சௌக்கியந்தானே?" என்றான்.

"சௌக்கியந்தான். உன் முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறதா?" என்று ஆரம்பித்தேன்.